ட்ரான்: இருட்டைப் பூசி மறைத்த படம்

கேள்வி இது: “1982-இல் வந்த ‘ட்ரான்’ படத்தை இப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். கிராபிக்ஸ் பழைய வீடியோ கேம் மாதிரி இருக்கிறது. கதையும் பெரிதாக ஒன்றுமில்லை. ஐம்பது வயதுக்காரர்கள் ஏன் இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது இப்படி உருகுகிறார்கள்? வெறும் பழைய ஞாபகம்தானா?”

எனக்கு 48 ஆகிறது, ஆகவே உருகுவதற்கு இன்னும் இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. ஆனாலும் இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு சின்ன உரிமை உண்டு. விஎஃப்எக்ஸ், அதாவது சினிமாவின் காட்சி மாயங்களைச் செய்யும் துறைக்குள் நான் நுழைந்தது சென்னையில் ஒரு ரோட்டோ மேசையில். ரோட்டோ என்றால், நடிகரைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுப்பதற்காக ஒவ்வொரு பிரேமிலும் அவர் உருவத்தைச் சுற்றிக் கோடு இழுக்கிற வேலை. முடிக்கற்றை, விரல் இடுக்கு, காற்றில் பறக்கிற துப்பட்டா என்று நாள் முழுக்க அதேதான். ட்ரான் எனக்குப் பிடித்துப்போனதற்கும் அந்த மேசைக்கும் சம்பந்தம் இருக்கிறது. அங்கே வருகிறேன்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயம். கதை மெலிசுதான். கெவின் ஃப்ளின் (ஜெஃப் பிரிட்ஜஸ்) எழுதிய வீடியோ கேம்களை என்காம் என்ற கம்பெனியின் அதிகாரி திருடித் தன் பெயரில் போட்டுக்கொள்கிறான். ஆதாரம் தேடி உள்ளே நுழையும் ஃப்ளின்னை, அங்கே எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் மாஸ்டர் கன்ட்ரோல் புரோகிராம் லேசரால் துகள் துகளாக்கிக் கணினிக்குள் இழுத்துவிடுகிறது. உள்ளே புரோகிராம்கள் மனித உருவில் நடமாடுகின்றன, தங்களை எழுதியவர்களின் முகத்தோடு. உயிரைப் பணயம் வைத்து விளையாடும்படி அவை கட்டாயப்படுத்தப்படுகின்றன. ஃப்ளின்னும் ட்ரான் என்ற காவல் புரோகிராமும் தப்பித்து மாஸ்டர் கன்ட்ரோலை வீழ்த்துகிறார்கள். அவ்வளவுதான் கதை. நடுவில் ஒரு இருபது நிமிடம் எனக்கே கொட்டாவி வரும்.

இந்த மெலிந்த கதைக்குள் ஒரு நல்ல யோசனை மட்டும் இருக்கிறது. புரோகிராம்களுக்கு ‘யூசர்’ என்பவர்தான் கடவுள். யூசரை நம்புகிறவர்களை மாஸ்டர் கன்ட்ரோல் பிடித்துக் களத்தில் தள்ளுகிறது. பிறகு ஒரு யூசரே நேரில் வந்து நிற்கிறான். அவனோ, எங்களிடமும் பெரிய திட்டமெல்லாம் கிடையாது, நாங்களும் குத்துமதிப்பாகத்தான் காலத்தை ஓட்டுகிறோம் என்கிற மாதிரிப் பேசுகிறான். கடவுளைப் பார்த்த பக்தனின் ஏமாற்றத்தை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவதை, குழந்தைகளுக்கான டிஸ்னி படத்தில் நான் எதிர்பார்க்கவில்லை.

இனி, ஞாபகம் என்கிற விஷயம். அமெரிக்காவில் 1982 கோடையில் பத்துப் பன்னிரண்டு வயதாக இருந்தவர்களுக்கு இந்தப் படம் ஒரு இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருட்டான ஆர்கேட் கூடம், நாணயம் போட்டால் உயிர்பெறும் கேம் பெட்டிகள். அதே வருஷம் பாலி மிட்வே வெளியிட்ட ட்ரான் ஆர்கேட் கேமில் நீலமாக ஒளிரும் ஜாய்ஸ்டிக் ஒன்று இருக்கும். அதைப் பிடித்த கையை அவர்கள் மறக்க மாட்டார்கள். அது அவர்களுடைய ஏக்கம். எனக்கு அதில் பங்கில்லை. ஆர்கேட் என்பதையே நான் கண்ணால் பார்த்தது வேலைக்குப் போன பிறகுதான். நான் படம் பார்த்தது தொண்ணூறுகளின் கடைசியில், பர்மா பஜாரில் வாங்கிய ஒரு விசிடியில். அந்தத் தேய்ந்த பிரதியிலும் ஏதோ ஒன்று பிடித்து இழுத்தது. அது சிறுவயது ஞாபகமாக இருக்க வாய்ப்பே இல்லை.

அது என்ன என்று புரிய, அந்தப் படத்தில் கணினி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ‘முதல் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் படம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். 96 நிமிடப் படத்தில் முழுக்கக் கணினியே உருவாக்கிய காட்சிகள் 15 முதல் 20 நிமிடம் வரைதான். அதற்கு முன்பே 1976-இல் ‘ஃப்யூச்சர்வேர்ல்ட்’ படத்தில் கணினி வரைந்த கையும் முகமும் வந்துவிட்டன. 1977-இன் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் டெத் ஸ்டாரின் கோட்டு வரைபடம் வந்தது. ட்ரானுக்கு ஒரு மாதம் முன்னால் வெளியான ‘ஸ்டார் ட்ரெக்’ இரண்டாம் பாகத்தில், உயிரற்ற ஒரு கோளம் பச்சை பிடிக்கும் ஒரு நிமிடக் காட்சியை லூகாஸ்ஃபிலிம் கணினிப் பிரிவு செய்திருந்தது. அவை எல்லாம் சாம்பாரில் முருங்கைக்காய் மாதிரி அங்கங்கே ஒரு துண்டு. பார்வையாளரைக் கணினிக்குள்ளேயே உட்காரவைத்து நிமிடக்கணக்கில் வண்டி ஓட்டவிட்டது ட்ரான்தான்.

இயக்குநர் ஸ்டீவன் லிஸ்பெர்கர் கணினிக்காரர் இல்லை, அனிமேஷன்காரர். 1976 வாக்கில் திரையில் பந்தைத் தட்டும் ‘பாங்’ என்ற வீடியோ கேமைப் பார்த்துத்தான் இந்த யோசனை அவருக்கு வந்தது. பல ஸ்டுடியோக்கள் கைவிரித்த பிறகு டிஸ்னி ஏற்றுக்கொண்டது. அதுவும் உடனே இல்லை. வட்டு எறிவதில் கெட்டிக்காரரான ஒரு ஃபிரிஸ்பி சாம்பியனை வைத்து ஒரு சோதனைத் துண்டு எடுத்துக் காட்டிய பிறகுதான்.

ஒரே நிறுவனத்தால் அவ்வளவு காட்சிகளைச் செய்ய முடியாது என்பதால் நாலு நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அதில் மாகி என்ற நியூயார்க் மாநில நிறுவனத்தின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1966-இல் தொடங்கியபோது அவர்கள் செய்த வேலைக்கும் சினிமாவுக்கும் சம்பந்தமே இல்லை. அணுக்கதிர்வீச்சு ஒரு பொருளுக்குள் எப்படிப் பாய்கிறது, எங்கே எவ்வளவு தாக்குகிறது என்று கணக்கிடுவதுதான் தொழில். கதிர் ஒன்றை அனுப்பு, அது எதில் முட்டுகிறது பார், அங்கிருந்து கணக்கிடு. கதிர்வீச்சுக்குப் பதிலாக வெளிச்சத்தை வைத்தால் அதுவே படமாகிவிடும் என்று அவர்களுக்குப் பட்டது. இன்று கேமிங் கார்டு விளம்பரங்களில் எல்லாம் ‘ரே ட்ரேசிங்’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அதன் பாட்டன் இது.

மாகியின் முறையில் உருவங்களைக் கட்டுவது குழந்தைகள் மரக்கட்டை அடுக்குவது போல. உருளை, கோளம், பெட்டி, கூம்பு. ஒன்றோடு ஒன்றைச் சேர்க்கலாம், ஒன்றிலிருந்து ஒன்றைக் குடைந்தெடுக்கலாம். இயந்திரங்கள் செய்ய இது அருமை. லைட் சைக்கிள் என்ற பந்தய பைக், டாங்கி, வானில் மிதக்கும் ரெகக்னைசர் என்ற ஊர்தி எல்லாம் இப்படி வந்தவைதான். முகம், துணி, மரம் மாதிரி எதுவும் இதில் தேறாது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்திலிருந்த டிரிபிள்-ஐ என்ற இன்னொரு நிறுவனம் வேறு முறையில், சின்னச் சின்னப் பலகோணத் தகடுகளை ஒட்டி உருவம் செய்தது. சோலார் செய்லர் என்ற அந்தப் பட்டாம்பூச்சி போன்ற கப்பலும், மாஸ்டர் கன்ட்ரோலின் சுழலும் முகமும் அவர்களுடையவை.

லைட் சைக்கிளை வடிவமைத்தவர் சிட் மீட். அவருடைய முதல் வரைபடத்தில் ஓட்டுபவர் வெளியே தெரியும்படி வண்டிமேல் குனிந்து படுத்திருப்பார். ஆனால் உயிருள்ள நடிகரைக் கணினி வண்டிமேல் உட்காரவைத்து ஒட்ட அப்போது வழியில்லை. அதனால் ஓட்டுபவரை முழுக்க மூடிவிட்டார்கள். அந்த முட்டை வடிவ வண்டி, 90 டிகிரியில் வெட்டித் திரும்பி, பின்னால் சுவர் எழுப்பிக்கொண்டே போகும் அந்த அழகு, ஒரு இயலாமையிலிருந்து வந்தது. நோக்கியா போனில் பாம்பு விளையாடியவர்களுக்கு அந்தப் பந்தயத்தின் விதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே வகையறாதான். தன் வாலிலோ அடுத்தவன் வாலிலோ முட்டினால் சாவு.

வண்டியை நகர்த்துவது எப்படி? இன்று மவுஸால் இழுத்து, தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் குறித்துவைத்தால் நடுவில் இருப்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். அன்றைக்கு அனிமேட்டர்கள் வரைபடத்தாளில் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பாதையை வரைந்து, ஒவ்வொரு பிரேமிலும் ஒவ்வொரு பொருளுக்கும் ஆறு எண்கள் எழுதினார்கள். இடத்துக்கு மூன்று, திரும்பியிருக்கும் கோணத்துக்கு மூன்று. நாலு வினாடிக் காட்சியில் 96 பிரேம். ஒரே ஒரு வண்டி என்றாலும் 576 எண்கள். கேமராவும் ஒரு பொருள்தான், அதற்கு இன்னொரு 576. பில் க்ரோயர், ஜெர்ரி ரீஸ் இருவரும் இப்படி எண்களால் நடனம் அமைத்தார்கள். அந்த எண்களை நியூயார்க்கில் உட்கார்ந்து ஒருவர் தட்டச்சு செய்ய வேண்டும். முடிவு எப்படி வந்தது என்று கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்குத் தெரிய முதலில் பிலிம் தபாலில் போய்வந்தது. பிறகுதான் தொலைபேசி வழி இணைப்பு கொடுத்தார்கள்.

இப்போது கறுப்புக்கு வருகிறேன். ட்ரானை ஒரு பிரேமில் அடையாளம் கண்டுகொள்ள வைப்பது எது? கறுப்பு. எல்லாமே இருட்டில் மிதக்கிறது. தொலைவில் போகப் போகப் பொருள்கள் இருளில் கரைகின்றன. அது கலை இயக்குநர் கனவு கண்ட தத்துவம் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மைக் காரணம் வேறு. அந்தப் படத்துக்குப் பயன்பட்ட கணினிகளில் ஒன்றின் நினைவகம் 2 மெகாபைட். சேமிப்பு வட்டின் அளவு 330 மெகாபைட். இன்று உங்கள் போனில் எடுக்கும் ஒரு புகைப்படம் அந்த நினைவகத்துக்குள் அடங்காது. தொலைதூரத்தில் இருப்பவற்றை எல்லாம் விவரமாக வரைய அந்தக் கணினியால் முடியாது. ஆகவே ஒரு தூரத்துக்கு மேல் கறுப்பைக் கலந்து மங்கவைத்துவிட்டார்கள். சந்தேகமாக இருந்தால் கறுப்படித்துவிடு என்பதுதான் எஃபெக்ட்ஸ் மேற்பார்வையாளர் ரிச்சர்ட் டெய்லர் குழுவுக்குச் சொல்லிவைத்திருந்த விதி. வீட்டில் திடீரென்று விருந்தாளி வந்தால் எல்லாச் சாமானையும் ஒரு அறைக்குள் தள்ளி விளக்கை அணைப்போமே, அதேதான். பார்ப்பவருக்கோ அந்த இருட்டு எல்லையில்லாத வெளியாகத் தெரிந்துவிட்டது.

மீதி ஏறக்குறைய எண்பது நிமிடம்? அங்கேதான் என் ரோட்டோ மேசை வருகிறது.

கணினி உலகத்தில் நடிகர்கள் வரும் காட்சிகளில் அந்த நடிகர்களை ஒளிரவைத்தது கணினி இல்லை. கறுப்பு அடித்த அரங்கத்தில், கறுப்புக் கோடுகள் போட்ட வெள்ளை உடை மாட்டி (தலையில் இருந்தது ஐஸ் ஹாக்கி ஹெல்மெட்), 65 மில்லிமீட்டர் கறுப்பு-வெள்ளை பிலிமில் எடுத்தார்கள். பிறகு ஒவ்வொரு பிரேமையும் பெரிதாக்கி, கோடாலித் என்ற பெரிய பிலிம் தாளில் அச்சிட்டார்கள். முகத்துக்கு ஒரு மறைப்பு, கண்ணுக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று, உடைமேல் ஓடும் சர்க்யூட் கோட்டுக்கு ஒன்று. எங்கள் மொழியில் மேட். வேண்டாத இடங்களைக் கையால் கறுப்பு மை பூசி அடைத்து, அந்தத் தாள்களை வெளிச்சத்தின் மேல் வைத்து, பின்னாலிருந்து வண்ணத்தாள் வழியாக ஒளியைப் பாய்ச்சி, அதே பிலிமில் திரும்பத் திரும்பப் பதிவு செய்தார்கள். அந்தச் சர்க்யூட் கோடுகள் ஒளிர்வது உண்மையான விளக்கொளி. ஒரு நிமிடத்துக்கு 1,440 பிரேம், ஒவ்வொரு பிரேமுக்கும் பல அடுக்கு. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அவ்வளவு தாள்களுக்கும் மை பூச அமெரிக்காவில் ஆள் போதவில்லை. பெரும்பகுதி தைவானில் இருந்த குக்கூஸ் நெஸ்ட் என்ற அனிமேஷன் ஸ்டுடியோவுக்குப் போனது. அங்கே நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து, ஜெஃப் பிரிட்ஜஸின் தோள்பட்டையைச் சுற்றித் தூரிகையை ஓட்டினார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது. ஹாலிவுட் படங்களின் ரோட்டோ வேலை இன்று சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் மும்பைக்கும் வருகிறது. தூரிகை போய் டிஜிட்டல் பேனா வந்திருக்கிறது. மற்றபடி தோள்பட்டை அதே தோள்பட்டை. ‘முதல் கம்ப்யூட்டர் படம்’ என்று கொண்டாடப்படுகிற ஒன்றின் பெரும்பகுதி எங்கள் ஆட்களின் அண்ணன்களும் அக்காக்களும் செய்த கைவேலை என்று தெரிந்த பிறகு அதை வெறும் கிராபிக்ஸ் என்று பார்க்க முடியவில்லை.

அந்தக் கைவேலையில் நடந்த ஒரு கோளாறு அன்று வெளியான படத்துக்குள்ளேயே இருந்தது. கோடாலித் தாள்கள் தயாரான வரிசைப்படி பெட்டிகளுக்கு எண் போட்டு வந்தன. அந்த வரிசையை யாரும் மதிக்கவில்லை, கைக்குக் கிடைத்த பெட்டியைத் திறந்தார்கள். ஒவ்வொரு பெட்டித் தாளும் ஒளியைக் கொஞ்சம் வேறு மாதிரி வாங்கியதால் பிம்பம் ‘பளிச் பளிச்’ என்று துடித்தது. திரும்பச் செய்ய நேரமும் இல்லை, பணமும் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? துடிக்கிற இடங்களில் மின்சாரம் பொரிகிற மாதிரிச் சத்தம் சேர்த்துவிட்டார்கள். கணினி உலகம் தடுமாறுகிறது, அதுதான் ஒளி துடிக்கிறது என்று ஆகிவிட்டது. எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் தவறைக் கண்டுபிடிக்கும்போது நாங்கள் சொல்லும் அதே பதில்: அது வேண்டுமென்றே வைத்தது சார்.

வசூலில் படம் தோற்றது என்று சொல்வார்கள். முழுத் தோல்வி இல்லை. சுமார் 1.7 கோடி டாலர் செலவு, அமெரிக்காவில் 3.3 கோடி வசூல். டிஸ்னி எதிர்பார்த்தது அதைவிட அதிகம். அந்தக் கோடையில் ‘ஈ.டி.’ ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் யார் நின்றாலும் குள்ளம்தான். ஆஸ்கரில் உடையலங்காரத்துக்கும் ஒலிக்கும் பரிந்துரை கிடைத்தது. விஷுவல் எஃபெக்ட்ஸுக்குக் கிடைக்கவில்லை. கணினியைப் பயன்படுத்துவது ஏமாற்று வேலை என்று அகாதெமி நினைத்தது என்பது லிஸ்பெர்கர் பின்னால் சொன்ன விளக்கம். அது உண்மையானால் இதைவிடப் பெரிய நகைச்சுவை இல்லை. இவ்வளவு மை பூசிய படம் அந்த வருஷம் வேறு எது?

டிஸ்னிக்குள்ளேயே கையால் வரையும் அனிமேட்டர்கள் பலர் இந்தப் படத்துப் பக்கம் வரவில்லை. கணினி தங்கள் சோற்றில் மண் போட்டுவிடும் என்று பயந்தார்கள். அந்தப் பயத்தைப் பழைமைவாதம் என்று கேலி செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: பயம் பொய்க்கவில்லை, இருபது வருஷம் தள்ளி வந்தது, அவ்வளவுதான். அதே கட்டடத்தில் லைட் சைக்கிள் காட்சியைப் பார்த்து வாய் பிளந்த இளைஞர் ஒருவரும் இருந்தார், பின்னாளில் ‘டாய் ஸ்டோரி’யை இயக்கிய ஜான் லாசெட்டர். மாகியோடு சேர்ந்து 1983-இல் ஒரு சின்னச் சோதனைப் படம் செய்தார். கணினி போட்ட பின்னணியில், கையால் வரைந்த சிறுவன் நாயைத் துரத்துவான். ட்ரான் இல்லையென்றால் ‘டாய் ஸ்டோரி’ இல்லை என்று அவரே பின்னால் சொன்னார்.

மாகியில் ட்ரானுக்கு வேலை செய்த இன்னொருவர் கிறிஸ் வெட்ஜ். பிறகு ப்ளூ ஸ்கை ஸ்டுடியோவைத் தொடங்கியவர்களில் ஒருவர், ‘ஐஸ் ஏஜ்’ இயக்குநர். ஆனால் என் தினசரி வாழ்க்கையைத் தொடுபவர் கென் பெர்லின். அவரும் அதே மாகிதான். படம் முடிந்த பிறகு அவருக்கு ஒரு எரிச்சல்: எல்லாமே இயந்திரத்தனமாக, துடைத்துவைத்த மாதிரி இருக்கிறதே, இயற்கையில் இருக்கும் அழுக்கும் மேடுபள்ளமும் எங்கே? அந்த எரிச்சலிலிருந்து அவர் கண்டுபிடித்ததுதான் பெர்லின் நாய்ஸ். எண்களை ஒழுங்கும் ஒழுங்கின்மையும் சரிவிகிதத்தில் கலந்தமாதிரி சிதறவிடும் ஒரு கணக்கு. மேகம், பளிங்கு, தீ, கடல், துரு, புகை என்று நீங்கள் திரையில் பார்க்கிற பலவற்றுக்கும் அடியில் அது இருக்கிறது. அதற்காக 1997-இல் அவருக்குத் தொழில்நுட்ப ஆஸ்கர் கொடுத்தார்கள். நான் இன்றைக்குக் காலையில்கூட ஒரு சுவரை அழுக்காக்க அதைத்தான் போட்டேன். ட்ரானுக்குக் கொடுக்காத விருதை ட்ரான்மேல் வந்த அதிருப்திக்குக் கொடுத்தார்கள் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

2010-இல் வந்த ‘ட்ரான்: லெகசி’யையும் பார்த்திருப்பீர்கள். செலவு சுமார் 17 கோடி டாலர், முதல் படத்தைப் போலப் பத்து மடங்கு. சிட் மீட் முதலில் வரைந்த மாதிரி ஓட்டுபவர் வெளியே தெரியும் வண்டி அதில் வந்துவிட்டது. உடைக்குள்ளேயே விளக்கு தைத்துவிட்டார்கள், மை பூச வேண்டியதில்லை. டாஃப்ட் பங்க் இசை எனக்கு மிகவும் பிடிக்கும், முதல் படத்தின் வெண்டி கார்லோஸ் இசையைவிடவும் அடிக்கடி கேட்கிறேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். படம் மட்டும் நட்சத்திர ஓட்டல் வரவேற்பறை மாதிரி இருக்கிறது. அங்கே கண்ணாடி பளபளக்கிறது, கணினிக்குள் போன உணர்வு மட்டும் வரவில்லை. முதல் படத்தை எடுத்தவர்களில் பலருக்குக் கணினிக்குள் என்ன இருக்கும் என்று தெரியாது. பார்த்தவர்களுக்கும் தெரியாது. வீட்டில் கணினி இல்லாதவர்கள் இருட்டறையில் உட்கார்ந்து, இப்படி இருக்குமோ என்று யோசித்த உலகம் அது. 2010-இல் எல்லோர் பையிலும் ஒரு கணினி இருந்தது. உள்ளே இருப்பது மின்னஞ்சலும் அலுவலக வேலையும் என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது.

கொஞ்சம் வழிதவறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் எங்களுக்கு ஜிடபிள்யூ-பேசிக் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் ட்ரான் என்று ஒரு கட்டளை உண்டு. அதை அடித்துவிட்டு நாம் எழுதிய புரோகிராமை ஓட்டினால், இப்போது எந்த வரியில் இருக்கிறேன் என்று வரிசை எண்ணைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொண்டே போகும். நிறுத்த ட்ராஃப். படத்தின் பெயர் ‘எலெக்ட்ரானிக்’ என்ற சொல்லின் நடுவிலிருந்து எடுத்தது என்றுதான் லிஸ்பெர்கர் சொல்லியிருக்கிறார், அந்தக் கட்டளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் விசிடி அட்டையில் அந்தப் பெயரைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது பச்சைத் திரையில் ஓடிய அந்த எண்கள்தான். வாங்கியதற்குக் காரணமும் அதுதான். ஆக, பழைய ஞாபகத்துக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சாதித்தால் அது பொய்.

நீங்கள் இன்னொரு முறை பார்ப்பதாக இருந்தால், கதையை விட்டுவிடுங்கள். நல்ல பிரதியாக, அறையை இருட்டாக்கிவிட்டுப் பாருங்கள். லைட் சைக்கிள் பந்தயத்தையும் சோலார் செய்லர் போகிற காட்சியையும் தவறவிடாதீர்கள். சார்க் என்ற வில்லன் நிற்கும் வரைபடத் திரையில் ஒரு இடத்தில் அந்தக்கால வீடியோ கேம் பாத்திரமான பேக்-மேன் ஒளிந்திருக்கிறது, கண்டுபிடியுங்கள். கடைசியில் நகரத்தின் இரவு விளக்குகள் சர்க்யூட் மாதிரி ஓடும்போது எழுந்துவிடாதீர்கள். பெயர்ப் பட்டியல் ஓடும். அதில் ஒரு இடத்தில் சீன எழுத்தில் பெயர்கள் வரிசையாக வரும். தைவானில் மை பூசியவர்கள். எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. விசிடியில் அந்த இடம் வந்தபோது ஏதோ கோளாறு என்று நினைத்து ஓட்டிவிட்டேன். இப்போது பார்க்கும்போது அங்கே நிறுத்திவைக்கிறேன்.